திருத்தமா? திரிபா?

இயற்கையைப் படம் பிடிப்பவன் பின்னர் அதில் கை வைக்கலாமா? கூடாது என்பர் நம் நண்பர்களுள் பலர். இவ்வாண்டு நம் கல்லூரி ஒளிப்படப் போட்டியிலும் ‘திருத்திய படங்கள் ஏற்கப்படமாட்டா’ என்றொரு விதி இருந்தது. வகுப்புத் தோழி ஒருவர் எடுத்த ஏரிப் படம், மழைமேகத்தைச் சற்றுக் கருமையாக்கினார் என்பதற்காக விலக்கப்பட்டது. அவ்விதியோடு எனக்கு உடன்பாடில்லை.

திருத்தாத படம் என்று ஒன்று உண்டா? கைப்பேசியின் பொத்தானை அழுத்தியதும் அது நொடிப்பொழுதில் பல படங்களை எடுத்து, ஒன்றாக்கி, நிழலை வெளுப்பாக்கி, வண்ணம் கூட்டியன்றோ நம்மிடம் தருகிறது? அத்தகைய படங்கள் கண்காட்சிச் சுவரை அலங்கரித்தன. எங்கோ இருக்கும் பொறியாளர் திருத்தினால் இயற்கை. எடுத்தவரே திருத்தினால் குற்றம்! நல்ல நியாயம்.

இவ்வழக்கம் புதிதுமன்று. 1850-களில் பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலைப் படமெடுத்தார். அக்காலக் கண்ணாடித் தகடுகளில் கடல் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் கடலுக்கொரு தகடு, வானுக்கொரு தகடு எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார்.

அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் கதை இன்னும் சுவையானது. 1941 நவம்பர் 1 மாலை, நியூ மெக்சிகோவில் எர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் மேல் நிலவு எழுந்திருந்தது. கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில். அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவொளியின் அளவை நினைவிலிருந்து கணக்கிட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். அடுத்ததற்குள் வெயில் போய்விட்டது. ஆனால் அவர் வேலை அங்கே முடியவில்லை. 1948-இல் அந்த நெகடிவின் கீழ்ப்பகுதியை மட்டும் வேதிக் கரைசலால் அடர்த்தியாக்கினார். தொடக்கப் பிரதிகளின் வானத்தில் மேகங்கள் தெரியும். பிற்காலப் பிரதிகளில் வானம் கன்னங்கரேலென்று இருக்கும். பியானோ பயின்றவரான ஆடம்ஸ், நெகடிவை இசைக்குறிப்புக்கும் பிரதியைக் கச்சேரிக்கும் ஒப்பிடுவார். ஒரே கீர்த்தனையை இருவர் பாடக் கேட்டிருக்கும் நமக்கு இது விளங்காதா?

அப்படியானால் எதையும் செய்யலாமா என்று பேராசிரியர்கள் கேட்கலாம். கூடாது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் தன் அட்டையின் அளவுக்காக கீசா பிரமிடுகளை நெருக்கி வைத்தது. செய்தி என்று நம்பி வாங்கியவரை அது ஏமாற்றியது. மறுபுறம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டியில் பரிசு பெற்ற எறும்புண்ணிப் படமொன்று 2018-இல் தகுதி இழந்தது. படத்தில் நின்றது பாடம் செய்த விலங்கு என ஆராய்ந்தோர் கருதினர். அங்கே குறை கணிப்பொறியில் இல்லை. காமிராவின் முன்னேயே நின்றது!

ஆகவே விதியை இப்படி மாற்றலாம். ஒளி, நிழல், வண்ணம் இவற்றைத் திருத்துவது எடுத்தவர் உரிமை. ஒன்றைச் சேர்த்தாலோ நீக்கினாலோ படத்தின் கீழே எழுத வேண்டும். மூலப் படத்தையும் நடுவரிடம் தர வேண்டும். லெ கிரே இன்று நம் போட்டிக்கு வந்தால் அவரும் அடிக்குறிப்பு எழுத வேண்டியிருக்கும். எழுதிவிட்டுப் போகட்டுமே!