பொத்தானும் இணைப்பும்

வழிகாட்டுதல் ஒரு தொழில். வேலை செய்வித்தல் மற்றொரு தொழில். வலைப்பக்கத்தில் இணைப்பு முன்னதற்கும், பொத்தான் பின்னதற்கும் உரியன. இவ்வேற்றுமையைக் கருதாது, பொத்தானை அழுத்தியவுடன் வேறோர் இணைப்பை நிரலே சொடுக்குமாறு அமைக்கும் வழக்கம் மாணாக்கர் சிலரிடம் காணப்படுகின்றது. அது பெரும்பாலும் வேண்டாததென்பது எமது துணிபு.

அவ்வாறு அமைத்தல் அரிதன்று. ஜாவாஸ்கிரிப்டில் இணைப்பைத் தேடியெடுத்து, அதன்மேல் 'கிளிக்' என்னும் கட்டளையை ஏவின், விரல் படாமலே அஃது இயங்கும். ஆயினும், எளிதென்பது கொண்டே ஒன்று தக்கதாகிவிடாது.

1989-ஆம் ஆண்டில் ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தமது திட்டத்தை வரைந்தபொழுது, ஓர் ஏட்டினின்றும் மற்றோர் ஏட்டிற்குச் செல்லும் இணைப்பே அதன் உயிர்நிலையாயிருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் தோன்றியதோ 1995-இல். ஆதலின் இணைப்பிற்கு நிரலின் துணை வேண்டுவதில்லை. அதன்மேல் சுட்டியை வைப்பின் கணினித் திரையில் செல்லுமிடம் புலனாகும், முகவரியைப் படியெடுக்கலாம், வேறொரு சாளரத்திலும் திறக்கலாம். சாதாரணப் பொத்தானில் இவ்வசதிகள் இல்லை. நிரல் பழுதுறின் அது வாளா நிற்கும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பார்வையற்ற அன்பர்கள் திரையைப் படித்துக்காட்டும் கருவியின் துணையால் வாசிக்கின்றனர். அக்கருவி பொத்தானைப் 'பொத்தான்' என்றே அறிவிக்கும். ஏதோ ஒரு வேலை நடைபெறுமென்று கருதி அழுத்துவோர், முன்னறிவிப்பின்றி வேற்றுப்பக்கத்திற் கொண்டுபோய் விடப்படுகின்றனர். கண்ணுடையார்க்குச் சிறு தொல்லையாவது அவர்க்குப் பெருந்திகைப்பாகும்.

"பொத்தானின் தோற்றமன்றோ எமக்கு வேண்டும்?" எனின், சி.எஸ்.எஸ். விதிகளால் அத்தோற்றத்தை இணைப்பிற்கே அளிக்கலாம்.

எனினும் விலக்கும் உண்டு. பக்கத்திலேயே ஒரு பட்டியலை ஆக்கி, அதனைக் கோப்பாகச் சேமித்துக் கொடுக்க வேண்டுமாயின், தற்காலிகமாக ஓர் இணைப்பைப் படைத்து நிரலாற் சொடுக்குதல் பொருந்தும். ஆண்டு நிகழ்வது வேலையேயாதலின். மற்று, பயனர் யாதும் தொடாதிருக்கத் தானே புதுச்சாளரம் திறக்க முயலும் பக்கங்களை உலாவிகள் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. அத்தடை நியாயமே.

ஆகவே, மாணாக்க நண்பர்களே, நிரல் எழுதத் தொடங்குமுன், "பயனர் ஓரிடத்திற்குச் செல்கின்றாரா, ஒரு வேலையைச் செய்விக்கின்றாரா?" என்று வினவுமின். செல்கின்றாராயின் இணைப்பையே வைம்மின்.