ஒரு டப்பா சுக்கா, ஒரு குக்கர், ஒரு பிளக் பாயின்ட்

முதல் வருஷம் பொங்கல் லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குக் கிளம்பினப்போ அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவைப் பையில் வச்சாங்க. உள்ளே ஆட்டுக்கறி சுக்கா. எங்க அருப்புக்கோட்டைப் பக்கம் மாட்டுப்பொங்கலுக்கு அடுத்த நாள் கரிநாள். பஞ்சாங்கத்தில் 'கரி'நாள், எங்க ஊர் வாயில் அது 'கறி'நாள். கிலோ 800 ரூபாயைத் தாண்டின கறியில் ரெண்டு கிலோ எடுத்து, பாதியைக் குழம்பு வச்சு, பாதியைச் சுண்ட வறுத்து வைப்பாங்க. அந்த வறுவலில் மிஞ்சியதுதான் டப்பாவில் வந்தது. மிஞ்சியதுன்னு சொல்றது தப்பு. அம்மா தன் இலையில் ரெண்டாவது தடவை வச்சுக்காமல் மிச்சம் பண்ணியது.

ஏழு மணி நேரப் பயணம். டப்பா சீட்டுக்கு அடியில், எஞ்சின் சூடு அடிக்கிற இடத்தில். ஞாயிறு சாயங்காலம் வந்து சேர்ந்தால் மெஸ் பூட்டு; திங்கள் காலை டிபனில் இருந்துதான் திறப்பாங்க. பசங்களோட வெளியே போய் பரோட்டா சாப்பிட்டேன். டப்பா ஞாபகமே இல்லை. திங்கள் மதியம் மூடியைத் திறந்தப்போ வந்த வாடையை இங்கே எழுத வேண்டாம். ஹாஸ்டலுக்குப் பின்னாடி இருந்த குப்பைத் தொட்டியில் கொட்டிட்டு, டப்பாவை மூணு தடவை தேய்ச்சுக் கழுவினேன். ராத்திரி போனில் அம்மா, "கறி நல்லா இருந்துச்சாய்யா, பசங்களுக்கும் குடுத்தியா?"ன்னு கேட்டாங்க. "எல்லாரும் ஒரே புடிதான்மா"ன்னு சொன்னேன்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பொய்தான். லீவு முடிஞ்சு வர்ற எல்லார் பையிலும் ஏதோ ஒரு டப்பா இருக்கு. அதில் பாதி அந்தக் குப்பைத் தொட்டிக்குத்தான் போகுது. காரணம் ரெண்டு: எங்களுக்கு அதை என்ன செய்றதுன்னு தெரியாது, தெரிஞ்சாலும் செய்ய ஹாஸ்டலில் இடம் கிடையாது. முதல் காரணத்தை இந்த வருஷம் நான் சரிபண்ணிட்டேன். ரெண்டாவதைச் சரிபண்ண வேண்டியது நிர்வாகம்.

பண்டிகைக் கறி மிஞ்சுறது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்கு ஹாம் என்று ஒன்று செய்வாங்க. பன்றியின் பின்னந்தொடையை முழுசாக உப்பில் ஊறவச்சு, பெரும்பாலும் புகையும் போட்டுப் பதப்படுத்தியது. நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு முழுத் தொடை ஒரு வேளையில் தீருமா? மறுநாளில் இருந்து அதே கறி சாண்ட்விச்சில், முட்டையில், எல்லாத்திலும் வரும். கடைசியில் எலும்பும் அதில் ஒட்டியிருக்கிற கறியும் மிஞ்சும். அதை உலர்ந்த வெள்ளை பீன்ஸோடு ஒரே பாத்திரத்தில் போட்டு வேகவச்சால் அன்றைய ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சது. வாஷிங்டனில் செனட் உறுப்பினர்கள் சாப்பிடுற உணவகத்தில், பன்றிக் கால்கறி போட்ட பீன்ஸ் சூப் தினமும் மெனுவில் இருக்கிறது நூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம். அந்த ஊர் ஏழை வீட்டு மிச்சச் சமையல்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கு.

படிச்சப்போ எனக்கு உடனே தோணினது மொச்சை. தை மாசம் பச்சை மொச்சை சீசன். மொச்சையும் கறியும் சேர்த்துக் குழம்பு வைக்கிறது எங்க பக்கம் புதுசு இல்லை. உப்பு போட்டுப் பதப்படுத்துறதும் நமக்குப் புதுசு இல்லை. எங்க அப்பத்தா கறித்துண்டில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயப்போட்டு உப்புக்கண்டம் பண்ணும். உப்பு கறியில் இருக்கிற தண்ணியை வெளியே இழுத்துடும், மிச்சத்தை வெயில் வாங்கிக்கும், கிருமி வளரத் தண்ணி இருக்காது. ஹாமும் உப்புக்கண்டமும் அந்த வகையில் பங்காளிங்க. (உப்புக்கண்டத்தை ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தால் மொத்த மாடியும் மூக்கைப் பிடிக்கும். அதனால சுக்காவே போதும்.)

இந்த வருஷம் செஞ்சதைச் சொல்றேன். நான் இ.இ.இ. மூணாம் வருஷம். என் கிளாஸ் பசங்க ரெண்டு பேர் வெளியே ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. அவங்ககிட்ட 700 வாட்ஸ் எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் ஒண்ணு இருக்கு.

முதல் மாற்றம் வீட்டிலேயே ஆரம்பிச்சது. சூடான கறியை டப்பாவில் போட்டு இறுக மூடுறதுதான் போன தடவை நடந்த தப்பு. 5 டிகிரியில் இருந்து 60 டிகிரி வரைக்கும் உள்ள வெதுவெதுப்பில் கிருமிகள் வேகமாகப் பெருகும். மூடின டப்பா பல மணி நேரம் அந்தச் சூட்டிலேயே கிடக்கும். நாம பத்திரமா மூடி வச்சிருக்கோம்னு நினைப்போம், அது கிருமிக்கு நல்ல இன்குபேட்டர். அதனால் இந்த வருஷம் கறியை அகலத் தட்டில் பரப்பி ஆறவச்சு, உடனே டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன். "வறுத்த கறியை எதுக்குடா கல்லாக்குற?"ன்னு அம்மா சண்டை. மறுநாள் கிளம்பும்போது அந்தக் கல்லை நாலு மடிப்பு தினத்தாளிலும், மேலே ஒரு துண்டிலும் சுத்திப் பையோட நடுவில் வச்சேன். இங்கே வந்து பிரிச்சப்போ நடுவில் இன்னும் ஐஸ் இருந்துச்சு.

நாலு பேருக்கு அளவு: ரேஷனில் பொங்கலுக்குக் கொடுத்த பச்சரிசி சின்ன டம்ளரில் மூணு, உரிச்ச பச்சை மொச்சை ரெண்டு கை, சின்ன வெங்காயம் ஒரு கை, தக்காளி ரெண்டு, பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் ரெண்டு, கறிவேப்பிலை. கறி ஒரு டப்பா. எண்ணெய் வேண்டாம். ஆறின சுக்காவில் வெள்ளையாக உறைஞ்சு நிக்கிற கொழுப்பை ஸ்பூனால் எடுத்து குக்கரில் போட்டால் அதுவே உருகி எண்ணெய். அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைக்கணும்.

வெங்காயம் வதக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. ரெண்டு நிமிஷத்தில் சுவிட்ச் 'டக்'குனு விழுந்துடுச்சு. ரூம்காரன், "குக்கர் போச்சுடா"ன்னு பதறினான். போகலை மாப்ள. குக்கரின் அடியில் ஒரு காந்தம் இருக்கு. பாத்திரத்தில் தண்ணி இருக்கிற வரைக்கும் அடிப்பக்கச் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிக்கும். தண்ணி வற்றினதும் சூடு மேலே ஏறும். குறிப்பிட்ட சூட்டில் அந்தக் காந்தம் காந்தத்தன்மையை இழந்துடும், ஸ்பிரிங் இழுத்து சுவிட்சைத் தள்ளிடும். முதல் வருஷம் பிசிக்ஸில் ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின கியூரி வெப்பநிலை இதுதான். வெறும் கொழுப்பில் வெங்காயம் வதக்கினால் 'சோறு வெந்துடுச்சு'ன்னு குக்கர் நினைச்சுக்கும். ஒரு கை தண்ணி தெளிச்சு, ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி சுவிட்சை அமுக்கினால் போதும். அந்தப் பாடம் எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

தக்காளி குழைஞ்சதும் மொச்சை, கறியில் இருக்கிற எலும்புத் துண்டுகள் மட்டும், ஆறரை டம்ளர் தண்ணி. பத்து நிமிஷம் நல்லா கொதிக்கணும். சுக்கா மசாலா எலும்பில் இருந்து தண்ணியில் இறங்கிடும், தனியா மிளகாய்ப்பொடி எதுவும் தேவைப்படலை. அப்புறம் அரிசி. தண்ணியும் அரிசியும் ஒரே மட்டத்துக்கு வர்றப்போதான் எலும்பில்லாத கறியை மேலே பரப்பி மூடணும். முதலிலேயே போட்டால் ஏற்கெனவே வெந்த கறி நார் நாராப் போயிடும். கடைசியில் போட்டாலும் ஆவியில் உள் வரைக்கும் சூடேறணும், அது முக்கியம். அதனால் சுவிட்ச் விழுந்த பிறகும் பத்து நிமிஷம் திறக்காதீங்க. உப்பு கடைசியில் ருசி பார்த்துத்தான். சுக்காவில் ஏற்கெனவே உப்பு இருக்கு. நான் பார்க்காமல் அரை ஸ்பூன் போட்டேன், கொஞ்சம் கரிச்சது. யாரும் சொல்லலை. எல்லாரும் தண்ணி நிறையக் குடிச்சாங்க.

அடியில் லேசாகப் பிடிச்ச பொருக்குக்குச் சண்டை நடந்தது. மிச்சம் வைக்காமல் முடிச்சிட்டோம், வைக்கவும் கூடாது. சோற்றை வெளியே விட்டால் அதில் வளர்ற பேசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் ஒரு வகை நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்தில் அளவாகச் சமைக்கிறதுதான் ஒரே வழி.

மொத்தச் செலவு, வெங்காயம் தக்காளிக்கு 40 ரூபாய். அதே ராத்திரி ஹாஸ்டலில் இருந்த என் ரூம்மேட்கள் ஆப்பில் பிரியாணி ஆர்டர் பண்ணிச் சாப்பிட்டாங்க, ஆளுக்கு 200 ரூபாய்க்கு மேல். காசு போனால் போகட்டும். என் கிளாஸில் ஒரு பொண்ணு சொன்னதுதான் உறுத்துது. அவங்க ஹாஸ்டலில் ஆறரைக்கு கேட் மூடிடுவாங்க. என்னை மாதிரி வெளியே நண்பர் ரூமுக்குப் போக வழி கிடையாது. மெஸ் இல்லாத அந்த ஞாயிறு ராத்திரி பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான். வீட்டில் கொடுத்துவிட்ட குழம்பு டப்பா கட்டிலுக்கு அடியில் இருந்தும், அதைச் சூடு பண்ண வழியில்லாமல் மறுநாள் கொட்டியிருக்காங்க. எனக்கு நடந்ததேதான். எனக்காவது மறதி ஒரு சாக்கு.

வார்டன் சார் சொல்ற காரணம் எனக்குத் தெரியும். ரூமில் சமைக்கக் கூடாதுங்கிற விதி சரியானதுதான், ஒரு இ.இ.இ. மாணவனாகவே சொல்றேன். ரூமில் இருக்கிறது 6 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டில் அது தாங்கக்கூடியது 1,380 வாட்ஸ். கடையில் விக்கிற கெட்டில் பாதிக்கு மேல் 1,500 வாட்ஸ். போதாததுக்கு அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, ஒரு பக்கம் கெட்டில், ஒரு பக்கம் அயர்ன் பாக்ஸ். பிளக் உருகின வாடையை எங்க மாடியில் நாங்களே முகர்ந்திருக்கோம். போன செமஸ்டரில் பறிமுதல் பண்ணின கெட்டில்கள் ஆபீஸ் ரூமில் அடுக்கியிருக்கு. ஆனாலும் மறுவாரம் புதுசு வருது. விதி இருக்கு, பசியும் இருக்கு. அதனால் எல்லாரும் ஒளிச்சு வச்சுச் செய்றாங்க. ஒளிச்சுச் செய்றப்போதான் கெட்டிலைப் போர்வைக்குள்ளே வைப்பாங்க, துணி மேலே வைப்பாங்க.

நாங்க கேட்கிறது ரூமில் அனுமதி இல்லை. மாடிக்கு ஒரு பேன்ட்ரி. சும்மா கிடக்கிற அயர்னிங் ரூமே போதும். ரெண்டு 16 ஆம்பியர் பாயின்ட், தனித்தனி எம்.சி.பி., ரெண்டு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். ஒரு இண்டக்‌ஷன் 2,000 வாட்ஸ்னு வச்சாலும் 9 ஆம்பியருக்குள்ளேதான் இழுக்கும், 16-க்கு அது ஒண்ணுமே இல்லை. அடுப்பு ஒண்ணு 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும். வயரிங் வரைபடம் எங்க டிபார்ட்மென்ட்லேயே போட்டுத் தர்றோம், சார் கையெழுத்து மட்டும் வேணும்.

'யார் கழுவுறது?' என்பார்கள். நியாயமான கேள்வி. முக்கியமாகப் பசங்க ஹாஸ்டலில். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காதவங்க நாங்க. இங்கே குக்கர் கழுவுவோம்னு நான் சத்தியம் பண்ண முடியாது. சாவி வாங்குறவங்க பேர் நோட்டில் எழுதட்டும், கழுவாமல் போனால் அந்த ரூமுக்கு ஒரு மாசம் சாவி கிடையாது. அசைவ வாடை ஆகாதவங்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். முதலில் பெண்கள் ஹாஸ்டலில் ஆரம்பிங்க. தேவை அங்கேதான் அதிகம். எங்களுக்காவது வெளியே போகக் கால் இருக்கு.

மனு எழுதியாச்சு. ரெண்டு ஹாஸ்டல் செயலர்கள்கிட்டயும் ஒரு பிரதி இருக்கு. இதுவரைக்கும் 112 கையெழுத்து. அடுத்த லீவுக்கு முன்னாடி கொடுக்கணும்னு நினைக்கிறோம்.

அன்னிக்கு ராத்திரி குக்கரோட அடியைச் சுரண்டிக்கிட்டே அம்மாவுக்கு போன் பண்ணி, முதல் வருஷ டப்பா என்ன ஆச்சுங்கிற உண்மையையும் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "இப்ப மொச்சை வெந்துச்சா, இல்ல நறுக்கு நறுக்குன்னு கிடந்துச்சா?"ன்னு கேட்டாங்க.