அம்மம்மாவின் ஸ்பானிஷ்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மிச்சத்தில் எங்கள் வீட்டில் ஹோம்வேர்க் நேரம். 2014 செப்டெம்பரிலிருந்து இங்கிலாந்தின் அரச ஆரம்பப் பள்ளிகளில் 7 வயது தொடக்கம் ஒரு வேற்றுமொழி கட்டாயம். மகளுக்கு ஸ்பானிஷ். தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை, ஸ்பானிஷை மட்டும் பாட்டாய்ப் பாடித் திரிவாள். எனக்கு உள்ளுக்குள்ள எரிச்சல்தான்.

போன கிழமைப் பாடம் ‘என் வீடு’. “மேசா” என்று வாசித்தாள். பக்கத்தில் இருந்த அம்மா, “மேசைதானே, ஏன் இழுக்கிறாய்?” என்றா. அடுத்தது ‘பான்’. “பாண்!” ‘சப்பாத்தோ’. “சப்பாத்து!” ‘அர்மாரியோ’. “அலுமாரி!” விடை பின்பக்கம் இருக்கோ என்று மகள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். “அம்மம்மா, ஹவ் டூ யூ நோ ஸ்பானிஷ்?”

அம்மம்மாவுக்கு எங்கே தெரியும்? 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கீசர் 1658இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். சொற்கள் மட்டும் எங்கட வீடுகளில் தங்கிவிட்டன. போர்த்துக்கீச மொழியும் ஸ்பானிஷும் லத்தீனின் பிள்ளைகள், அதனால்தான் இந்தச் சாயல். எல்லாம் பொருந்தாது. கதிரைக்கு ஸ்பானிஷில் ‘சீயா’. ‘கதேரா’ என்றால் அங்கே இடுப்பு! இருக்கையைக் குறித்த ஒரே லத்தீன் சொல்தான் இரண்டுக்கும் மூலம். “இடுப்பு நோவுக்காரிக்கு ரெண்டும் ஒண்டுதான்” என்றா அம்மா.

மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் ‘தியோ’ என்ற ஒரே சொல் என்றதும் அவவுக்குப் பிடிக்கவில்லை. “அப்ப ஆர் எவர் எண்டு எப்பிடித் தெரியும்?” மகள் தாள் ஓரத்தில் மூன்றையும் எழுதி வைத்தாள், இங்கிலிஷ் எழுத்தில்தான்.

பிறகு ‘மே குஸ்தா எல் பான்’ வந்தது. இங்கிலிஷில் ‘நான்’ என்று தொடங்குகிற இடத்தில், ஸ்பானிஷ்காரர் எங்களைப் போலவே ‘எனக்கு’ என்கிறார்கள். ‘மே’ எண்டால் ‘எனக்கு’, ‘குஸ்தா’ எண்டால் ‘பிடிக்கும்’ என்று சொல்லிக்கொடுத்தேன். கொஞ்சம் யோசித்தாள்.

“எனக்கு... பாண் பிடிக்கும்.”

கேட்காமலே அவள் சொன்ன முழுத் தமிழ் வசனம். அம்மா ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய்ப் பாண் வெட்டி, பட்டர் பூசிக் கொண்டுவந்து வைத்தா.

வாற கிழமை சமையலறை. ஸ்பானிஷில் ‘கொசீனா’. அம்மா அதைக் குசினி என்றுதான் சொல்லுவா. நான் இன்னும் மகளுக்குச் சொல்லவில்லை.