எட்டு மணிக்கு இலை போட்டாச்சு!

"இலை போட்டாச்சு, வாங்க அத்தை" என்று நான் கூப்பிடுவதும், "இதோ, இந்த ஸீன் முடியட்டும்" என்று மாமியார் பதில் சொல்வதும் எங்கள் வீட்டில் தினசரி நடக்கிற சமாசாரம். உங்கள் வீட்டில் மட்டும் வேறு மாதிரியா என்ன?

ஆனால் என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. ஏழரைக்கு மாத்திரை, அரை மணியில் சாப்பாடு என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. எட்டு மணிக்கோ தொடர்! ஒரு நாள் எட்டே முக்காலுக்கு அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணியில் தெளிந்தார். உடனே சாப்பிட வைத்தேன். (நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றிவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிதான்.)

"டி.வி.யை நிறுத்திடு" என்றார் என் கணவர். சொல்வது சுலபம். வயதான காலத்தில் அவருக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அது. செல்போன் திரை அவர் கண்ணுக்கு எட்டாது.

அப்போதுதான் என் தங்கை மகன் வந்தான். "பெரியம்மா, பரண்ல கிடக்கிற பழைய கம்ப்யூட்டரை இறக்குங்க. தொடரை அதுல பிடிச்சு வெச்சுடலாம். பாட்டி சாப்பிட்டுட்டு நிதானமா பார்க்கட்டும்" என்றான்.

அதென்ன பிரமாதமான வித்தையோ என்று பயந்தேன். அப்படி ஒன்றுமில்லை. எங்கள் மாடியில் இருப்பது மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்; 2004-ல் ஆரம்பித்த சேவை. டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளைச் செட்டாப் பாக்ஸில் செருகுவதற்குப் பதில், கம்ப்யூட்டருக்குள் பொருத்திய 'டிவிபி-எஸ்2' ட்யூனர் கார்டில் செருக வேண்டும். சேட்டிலைட்டிலிருந்து படம் ஏற்கெனவே சுருக்கித்தான் வருகிறது. கம்ப்யூட்டர் அதை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்தால் போதும். அதனால் கிழட்டுக் கம்ப்யூட்டரே தாராளம். விநாடிக்கு 3 மெகாபிட் வருகிற சாதாரண சேனல் என்றால், மணிக்குச் சுமார் 1.35 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் 700 மணி நேரத்துக்கு மேல் அடங்கும்.

லினக்ஸும், பதிவு செய்கிற 'டிவிஹெட்எண்ட்' புரோகிராமும் இலவசம். 2002-ல் ஐசக் ரிச்சர்ட்ஸ் என்பவர் 'மித்டிவி' என்று இதே போல ஒன்றை எழுத ஆரம்பித்ததும், கேபிள் கம்பெனி கொடுத்த பெட்டியில் சலித்துப்போய்த்தானாம். சலிப்பும் சில சமயம் நல்லதுதான்!

கார்டு வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். கட்டணச் சேனல்கள் பூட்டுப் போட்டு வருகின்றன. அந்தக் கம்பெனிப் பெட்டிதான் திறக்கும். ஃப்ரீ டிஷ்ஷிலும் எல்லாச் சேனலும் திறந்து வருவதில்லை. உங்களுக்கு வேண்டியது திறந்து வருகிறதா என்று விசாரித்துவிட்டுக் காசை எடுங்கள். ஒரே ஒரு தொடர்தான் என்றால் பென் டிரைவ் செருகிப் பதிகிற செட்டாப் பாக்ஸே போதும், கம்ப்யூட்டர் வேண்டாம். எங்கள் வீட்டில் அதே நேரம் என் கணவருக்கு நியூஸ் வேண்டும், அதனால்தான் இந்த ஏற்பாடு.

அதிலும் ஒரு கூத்து. ஒரே கேபிளைப் பிரித்துப் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் கொடுத்தோம். நியூஸ் மாற்றினால் தொடர் போயிற்று! கேபிளில் போகிற 13 வோல்ட், 18 வோல்ட்டை வைத்துத்தான் டிஷ் முனையிலிருக்கும் எல்.என்.பி. எந்த அலையைப் பிடிப்பது என்று தீர்மானிக்கிறதாம். இரண்டு எஜமானர் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு வோல்ட்டைக் கொடுத்தால் அது என்ன செய்யும், பாவம்! இரட்டை எல்.என்.பி. மாட்டி, இரண்டு கேபிள் இழுத்த பிறகுதான் வீட்டில் சமாதானம்.

கரண்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 60 வாட் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாத பில்லில் 86 யூனிட் ஏறும். எங்களுடையது ஏழே முக்காலுக்குத் தானே விழித்து, ஒன்பதே காலுக்குத் தூங்கிவிடும். தொடர் முன்பின்னாகத் தொடங்கும் என்பதால் முன்னால் ஐந்து, பின்னால் பத்து நிமிஷம் சேர்த்துப் பதிகிறோம். பலத்த மழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்துதான் பதிகிறது, அதற்கு மருந்தில்லை. இடி இடித்தால் கேபிளைக் கழற்றிவிடுவேன், தொடர் போனால் போகிறது.

இப்போது எட்டு மணிக்கு அத்தை இலையில் உட்கார்ந்துவிடுகிறார். ஒன்பதரைக்குத் தொடர். விளம்பரத்தைத் தாண்டுகிற பொத்தானை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்.

போன வாரம் நான் நியூஸில் மூழ்கி அடுப்படியை மறந்துவிட்டேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "மணி எட்டாச்சே, இன்னும் இலை போடலியாம்மா?"