அகதிக்கு வேண்டியது தர்மமா? சட்டமா?

இந்தியா ஒன்றும் தர்ம சத்திரம் அல்ல என்ற கருத்துப்பட 2025-ஆம் வருஷம் மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு நீதிபதி வாய்மொழியாகச் சொன்னார். தண்டனைக் காலம் முடிந்த ஓர் இலங்கைத் தமிழர், தம்மை ஊருக்கு அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று போட்ட மனு மீதுதான் இவ்வார்த்தை பிறந்தது. மனுவும் தள்ளப்பட்டது. அது முதல் நமது புதுவைப் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்க வருகின்ற கனவான்களும், வெற்றிலைக் கடையில் நின்று பத்திரிகை படிக்கின்ற மேதாவிகளும் அதையே மந்திரம்போல் ஜெபித்துக் கொண்டிருக்கின்றார்கள்.

தோழர்களே! நாமும் அதைத்தான் சொல்லுகின்றோம். இந்தியா சத்திரமாக இருக்க வேண்டியதில்லை. சத்திரம் என்றால் என்ன? கட்டியவனுக்கு மனமிருந்தால் சோறு, இல்லாவிட்டால் பூட்டு. சாப்பாடு யாருக்கு, திண்ணை யாருக்கு என்று ஜாதி பார்த்துப் பிரித்து வைத்த சத்திரங்களை நாம் அறியாதவர்களல்ல. உயிருக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு வேண்டியது அந்தத் தர்மம் அல்ல. எழுதி வைத்த சட்டம். தர்மவான் நாளைக்கு மனம் மாறினால் கேட்பாரில்லை. சட்டம் இருந்தால் கோர்ட்டுப் படியேறிக் கேட்கலாம். சங்கதி இவ்வளவுதான்.

உலகத்தார் இதைக் கண்டுகொண்டு 75 வருஷத்துக்கு மேலாகிறது. 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை செய்த மனித உரிமைப் பிரகடனத்தின் 14-ஆவது பிரிவு, கொடுமைக்குத் தப்பி வேறு நாட்டில் புகலிடம் தேட எவருக்கும் உரிமை உண்டு என்கிறது. இந்தியாவும் அதற்கு ஓட்டுப் போட்டது. 1951-இல் செய்த அகதிகள் ஒப்பந்தத்தின் 33-ஆவது பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி விரட்டக் கூடாது என்கிறது. இதில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 1967-இல் வந்த அதன் இணைப்பிலும் போடவில்லை. போகட்டும், சொந்தமாகவாவது ஓர் அகதிச் சட்டம் செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1946-இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் செய்த அந்நியர் சட்டத்தை வைத்தே 2025 வரை காலந் தள்ளினார்கள். 2025 செப்டம்பர் 1-ந் தேதி அமுலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் அந்நியன் உண்டு, அகதி இல்லை. விசாத் தேதியை மறந்து தங்கிவிட்ட உல்லாசப் பிரயாணியும், வீடு எரிந்து படகேறி வந்தவனும் அதற்கு ஒன்றே!

பிறகு சர்க்கார் ஓர் உத்தரவு போட்டு, 2015 ஜனவரி 9 வரையில் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்றார்கள். நல்லதுதான். ஆனால் உத்தரவில் வந்தது உத்தரவில் போகும். பிரஜா உரிமையோ அதில் வரவே இல்லை.

இனி ஜாதகக் கதையைக் கேளுங்கள். 1983 ஜூலைக் கலவரம் முதற்கொண்டு சுமார் 3 லட்சம் பேர் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பினார்கள். 50,000-க்கு மேற்பட்டவர்கள் இன்னமும் முகாம்களில் இருக்கின்றார்கள். நம்மூருக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டிலும் ஒரு முகாம் உண்டு. ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில், அக்காள் 1986-இலும் தம்பி 1988-இலும் பிறந்ததாக வைத்துக் கொள்ளுங்கள். அக்காள் இந்தியப் பிரஜை, தம்பி அந்நியன்! 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர்க்குப் பிறப்பே போதும். அதற்குப் பின் பிறந்தவர்க்குத் தாய் தகப்பனில் ஒருவராவது பிரஜையாக இருக்க வேண்டுமாம். அந்த அக்காள் உரிமையும் சும்மா வரவில்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் கோர்ட்டுக்குப் போய், 2022-இல் ஹைகோர்ட்டு சொன்ன பிறகே நிலைத்தது. நட்சத்திரம் பார்த்துத் தலைவிதி சொல்லும் ஜோசியனைக் கண்டு சிரிக்கின்ற நாம், பிறந்த தேதி பார்த்துத் தலைவிதி எழுதும் சட்டத்தைக் கண்டு என்ன செய்வது?

தேதி போதாதென்று மதமும் வந்து சேர்ந்தது. 2019-இல் செய்த திருத்தத்தின்படி பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோர் பிரஜையாகலாம். முஸ்லிம் ஆகக் கூடாது. சரி, இந்துக்களிடத்தில் அவ்வளவு கருணை என்றால், முகாமில் திருநீறு பூசிக் கொண்டு உட்கார்ந்திருக்கின்ற இலங்கைத் தமிழன் எந்த மதம்? அவனுக்கும் இல்லை! மதத்தை முன்னே நீட்டி ஒருவனைத் தள்ளினார்கள். நாட்டை முன்னே நீட்டி இன்னொருவனைத் தள்ளினார்கள். பெரிய மார்க்கெட்டுத் தராசுகூட நிறுக்கும்போது யார் சரக்கு என்று கேட்பதில்லை.

நிற்க, நம் புதுவைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1908-இல் பாரதியாரும், 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் எங்கே ஓடி வந்தார்கள்? இங்கேதான். அவர்களைக் காத்தது மணக்குள விநாயகரா? பிரெஞ்சுக்காரன் தர்ம சிந்தையா? இரண்டும் அல்ல. பிரிட்டிஷ் வாரண்டு பிரெஞ்சு எல்லையோடு நின்றது, அவ்வளவுதான். 1918-இல் பாரதியார் எல்லை தாண்டியதும் கடலூரில் பிடித்துக் கொண்டார்கள். ஐயரோ பிற்பாடு சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட இடங் கொடுத்தவர். ஆனாலும் அவருக்குப் புகலிடம் கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். நமக்குப் பிடித்தவனுக்கு மட்டும் கொடுத்தால் அது உரிமையல்ல, சலுகை.

இன்னொன்றும் பாருங்கள். 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் அமுலான ஒப்பந்தத்தின்படி, புதுவையில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியப் பிரஜைகளானார்கள். பிரான்சே வேண்டுமென்பவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதத் தவணையும் கிடைத்தது. இலங்கைத் தோட்டத் தமிழனுக்கு நடந்ததென்ன? 1948 சட்டத்தால் நாடற்றவனாக்கப்பட்ட அவனை, 1964-இல் இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து, உனக்கு 5,25,000, எனக்கு 3,00,000 என்று வாழைத்தார் பங்கு போடுவதுபோல் போட்டன. மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாக வெட்டின. அவனை யார் கேட்டார்கள்?

நமக்கே சோறில்லை, 140 கோடிப் பேர் இருக்கின்றோம் என்று சொல்லுவார்கள். முகாமில் இருப்பவன் 40 வருஷமாக இங்கேதான் சாப்பிடுகின்றான். வெள்ளையடிக்கின்றான், மூட்டை தூக்குகின்றான், கடையில் வாங்கும் சாமானுக்கு வரியும் கொடுக்கின்றான். அவனுக்கு உரிமை கொடுப்பதால் எவன் இலையில் ஒரு கவளம் குறையும்?

அரசியல் சட்டத்தின் 14-ஆவது, 21-ஆவது பிரிவுகள் பிரஜை என்று சொல்லவில்லை. நபர் என்றே சொல்லுகின்றன. அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் இதே சுப்ரீம் கோர்ட்டு, பிரஜையல்லாதவன் உயிரையும் சர்க்கார் காக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே நாம் கேட்பது புதிதல்ல. மதமும் தேசமும் பாராத ஓர் அகதிச் சட்டம் செய்யுங்கள். 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். இம்மண்ணில் பிறந்த பிள்ளையை அந்நியன் என்னாதீர்கள். ஓட்டுக் கேட்டு வருகின்றவர்களிடம் இம்மூன்றையும் கேளுங்கள். முகாமுக்கு அரிசியும் வேஷ்டியும் கொடுத்துப் படம் பிடித்துக் கொள்ளுகின்றவர்களிடம் இரண்டு மடங்கு உரக்கக் கேளுங்கள்.