பால் வண்டியும் உல்லாசப் பவனியும்

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் மலைவீதியில் விடுமுறை நாட்களில் ஒரு பவனி நடக்கிறது. நகரத்து இளைஞர்கள் வண்ண உடையும் தலைக்கவசமும் தரித்து, பத்துப் பன்னிரண்டு பேராகத் துவிச்சக்கர வண்டிகளில் ஆடி அசைந்து ஏறுகிறார்கள். அவசரம் ஏதுமில்லை. பனி போர்த்த தும்பறை மலை, தேயிலைச் சரிவு, மேயும் பசு. திருப்பத்துக்குத் திருப்பம் இறங்கிப் படம் பிடிக்கிறார்கள்.

அதே வேளையில் அதே வீதியில் இன்னொரு வண்டியும் இறங்கி வருகிறது. துருவேறிய அதன் பின்புறத்தில் பால் கேன் கட்டியிருக்கிறது. பிரேக்கை நம்பாது, காலைத் தரையில் உரசியபடி வருகிறார் அந்தத் தோட்டத்து மனிதர். பால் திரைவதற்கு முன் சேகரிப்பு நிலையத்தை அடைந்தாக வேண்டும். அங்கே கொழுப்பை அளந்து பார்த்துத்தான் விலை சொல்வார்கள். அவரையும் மறித்துப் படம் பிடித்ததை ஒருநாள் கண்டேன். லீற்றர் என்ன விலைக்குப் போகிறது என்று ஒருவராவது கேட்டதைக் காணவில்லை.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது தோழர் ஒருவர், "வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு" என்று ஒரே வீச்சில் தள்ளிவிட்டார். அவரோடும் எனக்கு உடன்பாடில்லை. ஓய்வும் இயற்கை ரசனையும் செல்வர்க்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா? 1894இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சோசலிசத் தொழிலாளர் சிலர் துவிச்சக்கர வண்டிக் கழகம் ஒன்றை அமைத்தனர். றொபர்ட் பிளாச்போர்ட் நடத்திய 'கிளாரியன்' ஏட்டின் பெயரையே அதற்குச் சூட்டினர். ஆலைப் புகையிலிருந்து விடுபட்டு, நாட்டுப்புறப் பாதைகளில் அவர்களும் சாவகாசமாகத்தான் சென்றார்கள். ஆனால் பையில் துண்டுப்பிரசுரம் இருந்தது. கிராமத்துச் சந்தியில் இறங்கிக் கூட்டம் நடத்தினார்கள். (பிளாச்போர்ட் பின்னர் போரை ஆதரித்துத் தடம் புரண்டது வேறு கதை.) லங்காஷயரின் றஃப்லீயில் 1912இல் எழுந்த கிளாரியன் இல்லத்தில் ஞாயிறுதோறும் இன்றும் தேநீர் கிடைக்கிறது. சவாரி குற்றமன்று. கண்ணை மூடிக்கொண்டு சவாரி செய்வதே குற்றம்.

கண் திறந்தால் என்ன தெரியும்? காலையில் கறந்ததை நிலையத்தில் ஊற்றிவிட்டு, பிள்ளைக்குக் கடையில் பால்மா வாங்கும் லயத்து வீடுகளை நான் அறிவேன். அதற்கும் வழியின்றி வெறுஞ்சாயம் கொடுக்கும் வீடுகளையும் அறிவேன். என் வகுப்பில் முற்பகலிலேயே தலை கவிழ்ந்து உறங்கும் சிறுவனின் வீட்டில் மாடு உண்டு! 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின் நியூசிலாந்துப் பால்மா நம் கடைகளை நிறைத்தது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் டொலர் வற்றியபோதுதான், பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாடு தன் பசுக்களை நினைத்துக்கொண்டது. வரிசை கலைந்ததும் மறந்தும்விட்டது.

மாட்டை ஏன் பெருக்கவில்லை என்று வினவுவோர் உளர். எங்கே கட்டுவது? தோட்டக் காணி அரசினுடையது. 1992இல் அதன் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. ஐந்து தலைமுறை உழைத்தவனின் தொழுவம் நிற்பது பிறர் தயவில். 2015இன் பின் தனி வீட்டுக்கென 7 பேர்ச்சஸ் காணி வழங்கும் திட்டம் வந்தது. நல்லது, ஆனால் வீடு கட்டியபின் அந்த 7 பேர்ச்சஸில் மாடு எங்கே நிற்கும், புல் எங்கே முளைக்கும்? கொழுந்துப் பறிப்பு முடிந்து, கான் ஓரத்துப் புல்லை அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு வருகிறாள் ஒரு தாய். அந்தக் காட்சியைத்தான் நம் சவாரிக்காரர் 'எழில்' என்கிறார்கள்!

ஆகவே மாணவ நண்பர்களே, வாருங்கள், மெதுவாகவே வாருங்கள். ரிவர்ஸ்டன் காற்று உங்களுக்கும் உரியதே. ஆனால் சேகரிப்பு நிலையத்தின் வாசலில் அரைமணி நேரம் வண்டியைச் சாத்திவையுங்கள். கேனோடு வருபவரிடம், அவர் தொழுவம் நிற்கும் நிலத்துக்கு உறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை, பிடித்த படத்தின் கீழே எழுதி வெளியிடுங்கள்.