குழிக்குள் மனிதன் இறங்குவதா?

அடுப்பிலே கொதிக்கிறது எண்ணெய். இலையிலே சிரிக்கிறது வடை. உண்டவர் ஏப்பம் விட்டுப் போகிறார். பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? கேட்பாரில்லை! ஆகவே நாம் கேட்கிறோம்.

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வருகிறார்கள் மக்கள். வல்வில் ஓரி ஆண்ட மலை, ஆகாய கங்கை பாயும் மலை! வருவோர் வரட்டும், வாழ்த்தி வரவேற்போம். ஆனால் செம்மேடாயினும் குண்டனி நாடாயினும், மலைமேல் ஊற்றிய கழிவு மலைமேல் நிற்பதில்லை. ஓடையிலே கலந்து, அடிவாரத்து உழவனைத் தேடிப் போகும்.

சூடாக உள்ளவரை எண்ணெய் ஓடும், ஆறினால் ஒட்டும், ஒட்டியது உறையும், உறைந்தது அடைக்கும். 2017-இல் இலண்டன் ஒயிட்சேப்பல் சாக்கடையிலே 250 மீட்டர் நீளம், 130 டன் எடையில் கொழுப்புப் பாறை கிடந்தது! செல்வச் சீமைக்கே அந்தக் கதி. செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் உள்ள ஊரிலே, குழியின் மண்ணையே அடைத்துவிடும் இந்தக் கொழுப்பு.

அடைத்த பிறகு யாரை அழைக்கிறார்கள்? சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்ட தோழனை! குழியிலே அழுகிய முட்டை நாற்றம் வீசும் நச்சுக்காற்று. அளவு மிஞ்சினால் அந்த நாற்றமும் தெரியாது, உயிர்தான் போகும். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. இழப்பீடு வரலாம், இறந்தவன் வருவானா?

வருமுன் காக்க வழி உண்டு. கிரீஸ் டிராப் என்பார்கள்; எண்ணெய்த் தடுப்புத் தொட்டி என்போம் நாம். மந்திரமல்ல, தந்திரமல்ல, எண்ணெய் நீரைவிட இலேசு என்ற எளிய அறிவியல்! கழுவுநீர் தொட்டிக்குள் வந்து வேகம் தணிந்து ஆறுகிறது. எண்ணெய் மேலே மிதக்கிறது. சோற்றுப் பருக்கை அடியிலே படிகிறது. நடுவிலுள்ள நீர் மட்டும், தடுப்புக்குக் கீழே புகுந்து வெளியேறுகிறது.

கட்டிவிட்டால் போதுமா? பேணாத தொட்டி வெறும் குப்பைத் தொட்டி! கழுவுமுன் தட்டை வழித்துப் போடுங்கள். தொட்டி வாயிலே சல்லடை வையுங்கள். மேலே மிதப்பதும் கீழே படிந்ததும் சேர்ந்து ஆழத்தில் கால்பங்கை எட்டுமுன் அள்ளிவிடுங்கள். சிறு தொட்டியானால் வாரம் ஒருமுறை பாருங்கள். சுவரைச் சுரண்டி, குழாய் வாயைத் துடைத்து, மீண்டும் நீர் நிரப்புங்கள். நீரில்லாத தொட்டி எண்ணெயைப் பிரிக்காது. கொதிநீர் ஊற்றிக் கரைக்கலாம் என்பது ஏமாற்று. கரைந்தது அடுத்த வளைவிலே உறையும். பொரித்த எண்ணெயைத் தொட்டியிலும் ஊற்றாதீர். தனியே சேர்த்து, அதை வாங்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். அள்ளிய கொழுப்பை ஓடையிலே கொட்டாதீர். பெரிய தொட்டியை வண்டி வைத்து உறிஞ்சுங்கள். ஆளை மட்டும் இறக்காதீர்!

தோழர்களே! உங்கள் ஊர் உணவுக்கடைக்கு, கல்யாண மண்டபத்துக்கு, மாணவர் விடுதிக்குப் போங்கள். "தொட்டி எங்கே? கடைசியாக அள்ளிய நாள் எது?" என்று கேளுங்கள். தொட்டி இல்லையென்றால் ஊராட்சியிலே முறையிடுங்கள். சுயமரியாதை மேடையிலே முழங்குவது மட்டுமன்று. அடுக்களையின் பின்புறத்திலும் காக்கப்படவேண்டியது அது. வாரம் ஒருநாள் கரண்டி தொட்டிக்குள் இறங்கட்டும். எந்நாளும் மனிதன் குழிக்குள் இறங்க வேண்டாம்!